பழ லோரி ஏன் ராத்திரியில் ஓடுகிறது?

கேள்வி:

அன்புள்ள அக்கா, எனக்கு 18 வயது. பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் இருக்கிறோம். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்து, ஈப்போவில் ஒரு கல்லூரியில் ஊடகத் துறை டிப்ளோமாவில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. வார நாளில் ஈப்போவில் அறை, சனி ஞாயிறு வீடு. வகுப்பில் பாதிப் பேரிடம் சொந்தக் கேமரா இருக்கிறது. என்னிடம் கைப்பேசி மட்டும்தான். போன வாரம் எல்லாரும் மூன்று கதை யோசனை சொல்ல வேண்டும் என்றார் விரிவுரையாளர். எழுந்து நின்றேன், ஆங்கிலம் வாயில் வரவில்லை. "எங்கள் ஊரில் ஒன்றுமே இல்லை, ராத்திரியில் பழ லோரி ஓடும் சத்தம் மட்டும்தான்" என்று எப்படியோ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பின்னால் சிலர் சிரித்தார்கள். முதல் இடுபணி மூன்று நிமிடக் காணொலி, தலைப்பு "எனக்குத் தெரிந்த ஒரு வேலை". அப்பா பழம் வெட்டுகிறார். அவரை எடுக்கலாமா என்று கேட்டேன். "வேணாம்மா, மானேஜர் பார்த்தா பிரச்சினை" என்றார். விரிவுரையாளரோ, நல்ல நிருபர் யாரையும் பேச வைத்துவிடுவார் என்கிறார். மாமா, இதெல்லாம் சோறு போடாது, அக்கவுண்ட்ஸுக்கு மாறு என்கிறார். அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது? பிடிபிடிஎன் கல்விக் கடன் பணத்தில் கேமரா வாங்கலாமா? இல்லை, படிப்பையே விட்டுவிடலாமா?

- பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்:

தங்கச்சி, அப்பாவைச் சம்மதிக்க வைக்காதே. மற்றதெல்லாம் பிறகு பேசலாம், இது முதலில்.

உன் அப்பா வெட்கப்பட்டு மறுக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்து மறுத்திருக்கிறார். தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். பழக்காடு தோட்ட நிர்வாகத்தின் நிலம், அங்கே படம் பிடிக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். போதாததற்கு, உயர்ந்த மரத்திலிருந்து 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள குலை விழும் இடத்தில், நீளக் கழியில் அரிவாள் கட்டி ஒருவர் வெட்டிக்கொண்டிருக்கும்போது, கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற மகளையும் அவர் கவனிக்க வேண்டும். இத்தனையையும் அவர் "வேணாம்மா" என்ற ஒரு சொல்லில் சொல்லிவிட்டார்.

உன் விரிவுரையாளர் சொன்னது பொய்ப் பாடம் இல்லை. அமைச்சரிடம் கேட்கும்போது அது சரி. பொதுப் பணத்தைச் செலவு செய்யும் அதிகாரியிடம், நிறுவனத் தலைவரிடம், கேள்வியிலிருந்து நழுவப் பார்க்கிற எந்தப் பெரிய மனிதரிடமும் அது சரி. அவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். உன் அப்பாவுக்கு அந்தக் கடமை இல்லை. பதில் சொன்னால் நட்டப்படுகிறவர் அவர். இந்த இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் எங்கள் தொழிலில் முதல் படிப்பு என்று நான் நம்புகிறேன். நான் அதைத் தாமதமாகக் கற்றேன், வேறொருவர் அதற்கு விலை கொடுத்தார்.

வானொலிச் செய்திப் பிரிவில் சேர்ந்த முதல் வருடம். ஒரு தோட்டத்தில் குடிநீர்ப் பிரச்சினை. ஒரு பெரியவர் எல்லாவற்றையும் சொன்னார், சொல்லி முடித்துவிட்டு, "பேரு போடாதீங்க" என்றார். சரி என்றேன். பெயரைப் போடவில்லை. குரலைப் போட்டேன். 40 நொடி. நல்ல கணீர்க் குரல், எனக்கு அதை விட மனம் வரவில்லை. அந்தத் தோட்டத்தில் அந்தக் குரல் யாருடையது என்று தெரியாத ஆள் கிடையாது. மறுநாளே அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டு விட்டார்கள். அதற்கடுத்த மாதம் அவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். இரண்டு வருடம் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். திட்டவில்லை. தேத்தண்ணி கொடுத்தார், உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார். ஒலிப்பதிவுக் கருவியை அன்று பையிலேயே வைத்திருந்தேன். அவர் பார்வை அந்தப் பையை விட்டு நகரவே இல்லை. சின்ன ஊரில் குரலும் ஒரு பெயர்தான். நடையும் பெயர், கைத்தழும்பும் பெயர், வாசலில் நிற்கும் மோட்டாரும் பெயர். முகத்தை மறைத்துவிட்டால் போதும் என்று வகுப்பில் யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்.

தமிழில் "கேட்பது" என்றால் வினவுவதும் அதுதான், காது கொடுப்பதும் அதுதான். நீ அப்பாவிடம் கேட்டாய். அவர் சொன்னதையும் கேட்டுக்கொண்டால்தான் அந்த வேலை முடிந்தது. உன் கடிதத்தில் இருக்கும் மற்ற எல்லாக் கவலைக்கும், கேமரா, ஆங்கிலம், சிரித்தவர்கள், மாமா என்று எல்லாவற்றுக்கும், நான் சொல்லப்போவது இதைச் சுற்றித்தான் வரும். ஏனென்றால் மூன்று வாரத்தில் நீ எத்தனையோ விஷயத்துக்குப் பயந்திருக்கிறாய், ஆனால் அப்பாவைத் தவிர வேறு ஒரு மனிதரிடமும் இன்னும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"எங்கள் ஊரில் ஒன்றுமே இல்லை" என்று சொன்னாயே, அது எனக்கு வலித்தது. 1948 ஜூன் 16ஆம் தேதி காலையில் உன் ஊர்ப்பக்கத்து எல்ஃபில் தோட்டத்திலும் அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. நாட்டின் முதல் அமைச்சரவையில் இருந்த துன் சம்பந்தன் உன் ஊர்க்காரர்; உன் ஊர் மகாத்மா காந்தி கலாசாலை அவர் முயற்சியில் 1954இல் எழுந்தது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தபோது, தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டியே தோட்டம் வாங்கலாம் என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான். அந்த ஊரிலிருந்து வந்த பிள்ளை எழுந்து நின்று ஒன்றுமே இல்லை என்று சொல்வதா?

ஆனால் இவற்றில் எதையும் உன் இடுபணிக்கு எடுக்காதே. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. எடுத்தால் மூன்று நிமிடமும் யாரோ எழுதியதை நீ வாசித்துக் காட்டுவாய், பின்னணியில் பழைய படங்கள் ஓடும், ஒரு மனிதரையும் பார்க்காமல் வேலை முடிந்துவிடும். (1948ஐப் பற்றி ஒருநாள் செய்ய வேண்டும் என்றால், அன்று காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்றவர்களின் பிள்ளைகள் இன்னும் அந்தப் பக்கம் இருக்கிறார்களா என்று தேடிக்கொண்டு போ. கொல்லப்பட்ட மூவரின் பெயரையும் நான் பல இடத்தில் படித்திருக்கிறேன். பெரட்டில் நின்ற ஒருவரின் பெயரையும் படித்ததில்லை. அது மூன்றாம் பருவத்து வேலை, இப்போது வேண்டாம்.)

விரிவுரையாளர் கேட்டது கதை யோசனை. பிள்ளைகள் பெரும்பாலும் சொல்வது தலைப்பு. "தோட்டத் தொழிலாளர் துயரம்" தலைப்பு. "இளைஞர்களும் சமூக ஊடகமும்" தலைப்பு. தலைப்பை வைத்துக்கொண்டு நாளைக் காலை எங்கே போய், யாரைப் பார்ப்பது என்று சொல்ல முடியாது. கேள்வி இருந்தால் முடியும். நீ அன்று சொன்னதில் கேள்வி இருந்தது, உனக்கே தெரியவில்லை. பழ லோரி ஏன் ராத்திரியில் ஓடுகிறது?

யோசித்துப் பார். அப்பா வெட்டுவது பகலில். பிறகு லோரி ஏன் ராத்திரியில் உன் ஜன்னலைக் குலுக்குகிறது? குலையை மரத்திலிருந்து இறக்கியதுமே அதற்குள் ஒரு மாற்றம் தொடங்கிவிடுகிறது. பழம் அடிபட்ட இடத்தில், நேரம் ஆக ஆக, எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடும், எண்ணெயின் தரம் இறங்கும். ஆலையில் குலைகளை முதலில் நீராவியில் வேகவைப்பதே அந்த மாற்றத்தை நிறுத்தத்தான். வெட்டியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் அங்கே கொண்டு சேர்த்துவிட வேண்டும் என்பது தோட்டத்துக் கணக்கு. பழத்துக்குள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதோடு போட்டி போட்டுக்கொண்டுதான் உன் ஜன்னலுக்கு வெளியே லோரி ஓடுகிறது. இப்போது அடுத்த கேள்விகள் தாமாக வருகின்றன. மழையில் காட்டு ரோட்டில் லோரி மாட்டிக்கொண்டால் அந்தப் பழத்தின் நட்டம் யார் தலையில்? ஓட்டுநர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்? ஆலை வாசலில் வரிசை நீண்டால் எங்கே தூங்குகிறார்? ஈப்போவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி வராது, அந்தச் சத்தம் அவர்கள் காதில் விழுந்ததே இல்லை. சிரித்தவர்களைப் பற்றி இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை. அடுத்த முறை யோசனை கேட்டால் எழுந்து நின்று இந்தக் கேள்வியை மட்டும் சொல், பதிலைச் சொல்லாதே. வகுப்பு உன்னிடம் பதில் கேட்கும்.

இன்னும் சில, நான் உன் இடத்தில் இருந்தால் நோட்டில் எழுதி வைப்பவை. ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை போட்ட பிறகு தோட்டத்துக் கோயில் தீமிதிக்கு விறகு எங்கிருந்து வருகிறது? லயத்துச் சாமான் கடையில் வங்காளதேசத்துத் தம்பிகள் எந்த மொழியில் பருப்பு கேட்கிறார்கள், கடைக்காரர் எந்த மொழியில் பதில் சொல்கிறார்? பசார் மாலாம் இரவுச் சந்தையில் மழை பிடித்துக்கொண்டால் கரைத்து வைத்த வடை மாவு என்ன ஆகிறது? ஒவ்வொன்றுக்கும் போய்ப் பார்க்க ஓர் ஆள் இருக்கிறார், அவருக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கிறது.

சரி, இடுபணி. உடனே உனக்குத் தோன்றப்போவது அம்மா. காலை நாலு மணிக்கு எழுந்து அப்பாவுக்குச் சோறு கட்டும் அம்மாவை எடுத்தால் அப்பாவைக் காட்டாமலே அவர் வேலையைச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். அழகான படம்தான். ஆனால் முதல் இடுபணிக்கு வேண்டாம். வீட்டில் நீ கேள்வி கேட்க மாட்டாய். பதில் தெரியும் என்று நினைத்துக்கொண்டு படம் மட்டும் பிடிப்பாய். அதோடு, அப்பா வேண்டாம் என்றதைப் பின்வாசல் வழியாக எடுத்தது போலவும் ஆகிவிடும். அடுத்த பருவத்தில், இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டு, நிதானமாகச் செய்.

முதல் இடுபணிக்கு உனக்குப் பழக்கமில்லாத ஒருவர் வேண்டும். டவுனில் காலை வேலைக்குப் போகிறவர்களுக்காக விடியுமுன் திறக்கும் ஒட்டுக்கடை ஒன்று நிச்சயம் இருக்கும். அங்கே தேத்தண்ணி ஆற்றுகிறவரைப் பார். சனிக்கிழமை கைப்பேசியைப் பையிலேயே வைத்துவிட்டுப் போ. ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடி. கூட்டம் குறைகிறவரை உட்கார்ந்திரு. எத்தனை மணிக்கு யார் வருகிறார்கள், அவர் கை எந்த டின்னுக்குப் போகிறது, காசை எங்கே போடுகிறார் என்று பார். கூட்டம் ஓய்ந்ததும் கேள்: "அண்ணே, நான் ஈப்போ காலேஜ்ல படிக்கிறேன். மூணு நிமிஷ வீடியோ ஒண்ணு செய்யணும். நாளைக்குக் காலைல நீங்க வேலை செய்யறத எடுக்கலாமா? காலேஜ்ல மட்டும்தான் காட்டுவோம்." இந்தக் கடைசி வரியைச் சொல்லுமுன், மாணவர் படங்களைக் கல்லூரி தன் பக்கத்தில் போடுமா என்று விரிவுரையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள். காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்கக் கூடாது. அவர் வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடை. முதல் ஆளே சம்மதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதே. இரண்டு மூன்று பேர் மறுப்பதும் இந்த வாரத்துப் பாடத்தில் சேர்த்திதான்.

பேட்டியில் "உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தொடங்காதே. அதற்கு யாரிடமும் பதில் இல்லை. மேடைப் பேச்சு மாதிரி ஏதாவது வரும். "இன்னைக்கு எத்தனை மணிக்கு எழுந்தீங்க?" என்று கேள். "முதல்ல வந்தது யாரு?" "எந்த நாள் கூட்டமே வராது?" சின்னக் கேள்விக்குத்தான் பெரிய பதில் வரும். பதில் முடிந்தது போலத் தோன்றியதும் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணு. அந்த அமைதியில்தான் மனிதர்கள் மெய்யாகச் சொல்ல நினைத்ததைச் சொல்வார்கள். அவர் பேசும்போது "ம்", "ஆமா" என்று சொல்லாதே, தலையை மட்டும் ஆட்டு. எங்கள் வீட்டுப் பழக்கத்தில் "ம்" கொட்டாவிட்டால் மரியாதை இல்லை, தெரியும். ஆனால் அந்த "ம்" அவர் சொல்லின் மேலேயே பதிவாகிவிடும், பிறகு வெட்டி எடுக்க முடியாது. முடித்ததும் அவர் பெயரை அவர் சொல்லச் சொல்ல உன் நோட்டில் எழுதி, அவரிடமே காட்டிச் சரிபார். பெயரைத் தவறாகப் போட்டால் அவர் வீட்டில் அந்தக் காணொலியைப் பற்றி வேறு எதுவும் பேசமாட்டார்கள்.

இப்போது கேமரா. வாங்காதே. பிடிபிடிஎன் கடன், பரிசுப் பணம் இல்லை. ஒவ்வொரு ரிங்கிட்டையும் நீதான் திருப்பிக் கட்டப் போகிறாய். அது கட்டணத்துக்கும் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும். ஊடகத் துறை நடத்துகிற கல்லூரியில் மாணவருக்குக் கொடுக்கக் கருவி அறை ஒன்று இருக்கும். அதன் பொறுப்பாளரைப் போய்ப் பார். எந்தக் கேமரா, எத்தனை நாள், என்ன படிவம் நிரப்ப வேண்டும் என்று கேள். முதல் வருடப் பிள்ளைகள் பலர் அந்தக் கதவைத் தட்டுவதே இல்லை. திருப்பிக் கொடுக்கும்போது துடைத்து, மின்கலத்தைச் சார்ஜ் ஏற்றிக் கொடு. ஒரு மாதத்தில் உனக்கு மட்டும் நல்ல மைக் மேசையடியிலிருந்து வெளியே வரும்.

இந்த இடுபணிக்குக் கைப்பேசி போதும். காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால் சட்டையில் மாட்டும் சிறு மைக் ஒன்று வாங்கு. படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பார்கள், சொல் புரியாவிட்டால் பார்க்க மாட்டார்கள். ஒட்டுக்கடையில் மின்விசிறி உனக்கு முதல் எதிரி; பேட்டி எடுக்கும் ஐந்து நிமிடம் மட்டும் நிறுத்தச் சொல்லிக் கேட்டுப் பார். தகரக் கூரையில் மழை விழுந்தால் பேட்டியை நிறுத்திவிடு. மைக் கிடைக்கவில்லையா, தோழியின் கைப்பேசியை இரவல் வாங்கி, குரல்பதிவை ஓடவிட்டு அவர் சட்டைப்பையில் போட்டுவிடு. பிறகு படத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். எல்லாம் முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த இடத்துச் சத்தத்தை மட்டும் 30 நொடி எடுத்துக்கொள். வெட்டி ஒட்டும்போது இடைவெளியை அதைக் கொண்டுதான் நிரப்ப முடியும்.

விளக்கைப் பற்றி ஒன்று, இதை வகுப்பில் சொல்லச் சில வாரம் ஆகலாம். விடியுமுன் அங்கே குழல் விளக்குதான் எரியும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கைப்பேசியின் ஷட்டர் வேகம் அதற்குப் பொருந்தாவிட்டால் படத்தில் கோடு கோடாக ஓடும், வெளிச்சம் துடிக்கும். ஷட்டரைக் கையால் மாற்றவிடும் இலவசச் செயலி ஒன்றை இறக்கி, நொடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்று என்று வை. கோடு போய்விடும். கைப்பேசியைப் படுக்கவைத்துப் பிடி. லென்ஸ் கண்ணாடியைத் துடை, பையில் கிடந்த கைப்பேசியில் எப்போதும் கை எண்ணெய் இருக்கும். அழைப்பு வந்து பதிவு அறுபடாமல் இருக்க விமானப் பயன்முறையில் போடு. ஒவ்வொரு காட்சியையும் அசையாமல் 10 நொடி பிடி: தூரத்திலிருந்து கடை, நடுவாக ஆள், கிட்டத்தில் கை. கையை நிறைய எடு. வேலையைப் பற்றிய படத்தில் முகத்தைவிடக் கை அதிகம் பேசும்.

மொழி. உனக்கு ஆங்கிலம் மட்டும்தான் கண்ணில் படுகிறது. இடைநிலைப்பள்ளி முழுவதும் மலாயில் படித்திருக்கிறாய், அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. தமிழ்ச் செய்தி அறையில் என் வேலை நேரத்தின் பெரும்பகுதி எதில் போனது தெரியுமா? மலாயிலிருந்து தமிழுக்கு மாற்றுவதில். காவல்துறையின் செய்தியாளர் கூட்டம் மலாய், நீதிமன்றம் மலாய், அமைச்சின் அறிக்கை மலாய். தமிழ் நிருபருக்கு மலாய் தகராறு என்றால் முதல் நாளே கை கட்டப்பட்டுவிடும். உனக்கு அது இருக்கிறது, அதைத் துருப்பிடிக்க விடாதே. ஆங்கிலத்துக்கு இப்போதைக்கு ஒரே ஒரு பயிற்சி: சொல்லப்போகும் யோசனையை முதலில் தமிழில் மூன்று வாக்கியமாக எழுது. அது தமிழில் தெளிவாக இல்லையென்றால் எந்த மொழியிலும் வராது. பிறகு அதே மூன்றையும் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக எழுதி, வாய்விட்டு பத்துத் தடவை படித்துவிட்டுப் போ. தாளைக் கையில் வைத்துப் படிப்பதில் ஒரு குறையும் இல்லை. செய்தி வாசிப்பாளர்களும் எழுதியதைத்தான் படிக்கிறார்கள்.

பேட்டியைத் தமிழிலேயே எடு, ஆங்கிலத்தில் வசனவரி போடு. திரையில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். எழுத எழுத உனக்கு ஒன்று தெரியவரும். உன் அப்பா சொன்ன "வேணாம்மா"வையே எடுத்துக்கொள். அகராதி வைத்துக்கொண்டு மாற்றுகிறவர் அப்பா தன் அம்மாவிடம் பேசுவதாக எழுதிவிடுவார். மகளை அம்மா என்று கூப்பிடும் அந்தக் குரலில் மறுப்பு எவ்வளவு, கெஞ்சல் எவ்வளவு என்று உனக்குத் தெரியும். அதை இரண்டு வரிக்குள் இன்னொரு மொழிக்காரருக்குப் புரியவைப்பது கஷ்டமான வேலை, அதற்கு நல்ல பயிற்சி வேண்டும், அந்தப் பயிற்சிக்குத்தான் நீ கல்லூரிக்குப் போயிருக்கிறாய்.

மாமா சொன்னதை உதறிவிடாதே. அவர் உன் மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன், நம் தாத்தா காலத்திலிருந்து தோட்டம் தோட்டமாகப் போன நாளேடு, 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. தமிழ் ஊடகம் என்று மட்டும் பார்த்தால் இந்த நாட்டில் வாசல் சிறியது: சில நாளேடுகள், மின்னல், ராகா வானொலிகள், ஆஸ்ட்ரோவின் தமிழ் அலைவரிசைகள், அரசுத் தொலைக்காட்சியிலும் பெர்னாமா செய்தி நிறுவனத்திலும் தமிழ்ச் செய்தி. அதில் இடம் கிடைக்கும் என்று நான் உனக்கு உறுதி தர மாட்டேன். ஆனால் மூன்று மொழியில் எழுதவும், படம் வெட்டவும், ஒலி சேர்க்கவும் தெரிந்தவருக்குச் செய்தி அறைக்கு வெளியேயும் வேலை உண்டு. மருத்துவமனைகள், கூட்டுறவுச் சங்கங்கள், விளம்பர நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் இன்று காணொலி செய்ய ஆள் வேண்டும். கணக்கு உனக்கு உண்மையாகவே பிடித்திருந்தால் மாறிக்கொள், அதில் தோல்வி எதுவும் இல்லை. வகுப்பில் ஒருநாள் வாய் அடைத்துப் போனதற்காக மட்டும் மாறாதே. திங்கட்கிழமை பதிவகத்துக்குப் போய், துறை மாறவோ விலகவோ கடைசித் தேதி எது, அதுவரை கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்ப வரும் என்று கேட்டு எழுதிக்கொள். விலகினாலும் அதுவரை கைக்கு வந்த கடன் கடன்தான் என்பதையும் மாமாவிடம் சொல். அந்தத் தேதிக்கு முன் இடுபணி முடிந்துவிடுமானால், முடித்துவிட்டு முடிவெடு.

இந்த வாரம் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அப்பாவிடம், "சரிப்பா, எடுக்கல" என்று சொல்லிவிடு. அவர் ஒருவாரமாக அதை மனத்தில் வைத்துக்கொண்டிருப்பார். பிறகு சாப்பாடு முடிந்து அவர் வாசலில் உட்காரும் நேரம் பார்த்து, கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு, பழ லோரி ஏன் ராத்திரியில் ஓடுகிறது என்று கேள். நான் மேலே எழுதியதைவிட அவருக்கு அதிகம் தெரியும். நோட்டில்கூட எழுதாதே, சும்மா கேட்டுக்கொண்டிரு. ரொம்ப நேரம் இழுக்காமல் விடு. விடியுமுன் அவர் பெரட்டுக்குப் போக வேண்டும்.